லெஃப்ட் என்றால் போனவரா, இருப்பவரா?

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மனிதரைக் குடோனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன்.

திட்டாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

துபாய் ஜெபல் அலியில் எங்கள் குடோனில் ஸ்டாக் எண்ணுகிறவர் லின். சீனாக்காரர், நாற்பது வயது. பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொண்டு இங்கிலீஷ் படிக்கிறார். வெள்ளிக்கிழமை அரை நாள் டூட்டி, சாவி என்னிடம். எல்லாரும் கிளம்பியாச்சா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். லின் பதில் போட்டார்: "ஆல் லெஃப்ட். ஒன்லி லின் லெஃப்ட்."

எல்லாரும் போயாச்சு... லின்னும் போயாச்சு. அப்படித்தான் படித்தேன். அந்த 'ஒன்லி' கண்ணிலேயே படவில்லை. வாசலில் நின்றபடியே ஏசியை அணைத்தேன், பூட்டினேன், ஷார்ஜாவுக்கு வண்டியை விட்டேன். அப்படி என்ன அவசரம்? வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை! மகளின் காலேஜுக்காக அவளும் மனைவி சுமதியும் திருச்சிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன்கூட எப்போதும் சைலண்டில்தான். கூப்பிட ஆளில்லாத போனுக்குச் சத்தம் எதற்கு?

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் — பதினேழு மிஸ்டு கால். அத்தனையும் லின். திருப்பி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஜூலை வெயில். தகரக் கூரை. திரும்பி ஓட்டிய ஒரு மணி நேரமும் மனசில் ஒரே கேள்வி. அந்த மனிதருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

கதவைத் திறந்தேன். சட்டையைக் கழற்றிப் போட்டு, வியர்வையில் குளித்து, ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. நான் நீட்டிய தண்ணீர் பாட்டில் ஒரே மூச்சில் காலி.

"சாரி பாய், சாரி! ஒய் நோ கால் அதர்ஸ்?"

"அதர்ஸ் மாஃபி. ஒன்லி யுவர் நம்பர்."

மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. இன்னொரு பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவரோ நோட்டை எடுத்தார். என்னைத் திட்டத் தோன்றவில்லை, சந்தேகம் கேட்கத்தான் தோன்றியிருக்கிறது!

"ஃப்ரெண்ட் லெஃப்ட் — ஃப்ரெண்ட் கோன். லின் லெஃப்ட் — லின் ஸ்டே. சேம் வேர்ட்?"

சேம் வேர்ட்தான் பாய். போனவரும் லெஃப்ட், மிச்சம் இருப்பவரும் லெஃப்ட். இடது கையும் லெஃப்ட் என்று சொன்னதும் மனிதர் "கலாஸ், ஃபினிஷ்!" என்று நோட்டையே மூடிவிட்டார்.

நான் எந்த லெஃப்ட்? ஊரைக் கேட்டால், போனவன். இந்த ஃப்ளாட்டைக் கேட்டால், மிச்சம்.

சாயங்காலம் சுமதியிடம் சொன்னேன். "நீங்க இங்கிலீஷ் படிச்ச லட்சணம் இவ்ளோதானா? பாவம்ங்க அந்த மனுஷன்!" சிரித்தாள். "சரி, வச்சிரட்டா? மாவு அரைக்கணும்." வைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

போனை சைலண்டிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மதியம் தவறாமல் அடிக்கிறது.

"பாஸ், லின் நோ லெஃப்ட். லின் கோ ரூம். ஓகே?"

கிளம்புகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போக, இந்த ஊரில் எனக்கும் ஒரு ஆள் மிச்சம்!