வாட்டுக்குள் சுருட்டு மணம்

அது சண்டைக் காலம். எங்கள் ஆஸ்பத்திரி தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில் நடந்தது. நான் அங்கே தற்காலிகத் தொழிலாளி. கூட்டுவேன், ஆள் தூக்குவேன், வாசலைப் பார்ப்பேன்.

ஒருநாள் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. அரசாங்கக் கட்டடங்களுக்குள் ஒருத்தரும் புகைக்கக் கூடாதாம். ஆமி மருந்தை வரவிடாத பாதையால் இந்தத் தாள் மட்டும் எப்படி வந்தது? எனக்கு அதிலேயே சந்தேகம்.

டொக்டர் கூப்பிட்டார். "வாட்டுக்குள்ள ஒரு பீடி பத்தினாலும் உன்ர வேலை போகும். கிடுகுக் கூரை, தெரியும்தானே?"

"ஓம் ஐயா."

வாசலில் நின்று எல்லாருடைய மடியையும் தடவினேன். பீடி, சுருட்டு, நெருப்புப்பெட்டி வாங்கி வைத்து, போகும்போது கொடுத்தேன்.

"ஆமிச் சென்றியில தடவினது காணாதெண்டு நீயும் தடவுறியோ?" என்று ஒரு மனிசி கேட்டா.

அப்படியிருந்தும் ஆம்பிளை வாட்டுக்குள் சுருட்டு மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஒருத்தரிடமும் நெருப்பில்லை. என்னோடு வேலைசெய்த மற்றத் தொழிலாளியின் மச்சான் வேலையில்லாமல் இருந்தான். என்னைக் கலைத்துவிட்டு அவனைப் போடத்தான் யாரோ செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் நேர்ஸம்மா என்னைத்தான் சந்தேகமாய்ப் பார்த்தா.

"நீ பத்திப்போட்டு வந்து நிண்டு மணக்குது எண்டுறாய்."

கரைக்கட்டிலில் முல்லைத்தீவுப் பக்கத்து வயசாளி ஒருவர். கடற்றொழில், காலில் புண். வாயில் எப்போதும் ஒரு துண்டுச் சுருட்டு. நுனியில் நெருப்பில்லை. பத்தவைக்காமல் ஆசைக்கு வைத்திருக்கிறார் என்று விட்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன்.

"அப்பு, அதை எடுங்கோ. கஞ்சி ஆறுது."

அவர் தலையை ஆட்டினார். நான் அசையவில்லை. கடைசியில் எடுத்தார். வாய்க்குள் இருந்த பக்கம் சிவப்பாய் எரிந்தது.

"நெருப்பு என்ர வாய்க்குள்ள தம்பி. உன்ர வாட்டுக்குள்ள இல்லை."

"இதென்ன பழக்கம்?"

"இரவு கடல்ல நெருப்புத் தெரிஞ்சால் நேவி அடிப்பான். காத்தும் அணைக்கும். நீ அக்கராயன் வயல்காரன், உனக்கென்ன தெரியும்."

"பத்தத் தந்தது ஆர்?"

"அதைச் சொல்லமாட்டன்."

மறைத்தால் வேலை போகும். சொன்னாலும் போகும்போல் இருந்தது. டொக்டரிடம் சொன்னேன்.

டொக்டர் டோர்ச் அடித்து அவருடைய வாய்க்குள் கனநேரம் பார்த்தார். மேல் அண்ணம் வெள்ளை பிடித்திருந்தது. புற்றுநோயோ என்று பார்க்க வவுனியாவுக்கு அனுப்ப வேணும் என்றார். அங்கே போகப் பாஸ் கிடைக்குமோ என்று கிழவர் கேட்டார். டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு நெருப்புக் குடுத்தது ஆர்?"

"தெரியாது ஐயா."

"நீயும் வாயைத் திற."

திறந்தேன். டோர்ச் அடித்தார். கிட்ட வந்து மணந்தும் பார்த்தார். நேர்ஸம்மாவும் எட்டிப் பார்த்தா.

"சரி," என்றார். "போய்க் கூட்டு."