கறியை விட்டார், சாளையை விடவில்லை

போன வாரம் மிக்கேல் அண்ணாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். தோணியில் தண்டல் அவர் — அதாவது கேப்டன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டுபோகிறவர். கட்டிலில் கிடந்தார். கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. போர்வை உரசினாலே முகத்தைச் சுளிக்கிறார்.

'கவுட்' என்று டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிகிற வியாதி.

"அது கறியும் பிராந்தியுமா இருக்க பணக்காரனுக்கு வாரதுல்லா தம்பி" என்று சிரித்தவர், இரண்டாம் தடவை வலித்ததும் கொஞ்சம் நம்பினார். அந்த நேரம் பார்த்துத் தபசு காலம் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் அண்ணாச்சி தெருவில் யாரும் கறி தொடமாட்டார்கள். விரதமும் ஆச்சு, வைத்தியமும் ஆச்சு என்று அண்ணாச்சிக்குத் திருப்தி.

சரி... சோற்றுக்கு என்ன?

காலையில் நெத்திலிக் கருவாடு. மத்தியானம் சாளை மீன் குழம்பு. ராத்திரி மீந்த குழம்பு. இந்த வியாதிக்கு ஆட்டுக்கறியைப் போலவே சாளையும் நெத்திலியும் ஆகாது. கடற்கரையில் அதை யார் நம்புவார்கள்?

"மாத்திரை?" என்றேன்.

"போன தடவ வலி நின்னுட்டு. நிறுத்திட்டேன்."

நம்மில் பலபேர் இப்படித்தான். வலி போனால் வியாதியும் போய்விட்டதா என்ன? போதாததற்கு, தோணியில் நல்ல தண்ணீரை அளந்துதான் குடிப்பார்கள். தண்ணீர் குறைந்தால் இது இன்னும் மோசமாகும். மதினி வேறு சுடச்சுட தவிட்டு ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தார். சிவந்து வீங்கியிருக்கும்போது சூடு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நினைவூட்டினேன்.

"ஏளா, எடுத்துரு" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் தோணி முதலாளியின் ஆள் வந்தார். "சரக்கு ஏத்தியாச்சு அண்ணாச்சி. காலையில பாய் விரிச்சுக் கெளம்பணும். நீங்க வாரீயளான்னு முதலாளி கேக்கச் சொன்னாவ."

அண்ணாச்சி எழுந்தார். காலைத் தரையில் ஊன்றினார். உதட்டைக் கடித்தார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சூசை கொண்டுபோகட்டும்" என்றார். சூசை அவரிடமே வேலை பார்க்கிற தோணிக்காரன்.

வீக்கம் வடிந்த பிறகும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அடுத்த சீசனுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். அதுவரை தண்டல் வேலை காத்திருக்குமா?

இந்நேரம் தோணி கொழும்பு சேர்ந்திருக்கும். சூசை நன்றாகவே ஓட்டியிருப்பான் — அண்ணாச்சிக்கு அதுதான் பயம்.