பானை நிற்க ஓர் இடம்

காப்புறுதிக் கடிதம் ஒக்ரோபரில் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் என்றால் என்னிடம்தான் வரும். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா ஐந்தோடு. "படிச்சவன் பாக்கட்டும்" என்று உறையைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிடுவார்கள்.

ஹோலில் இருக்கும் பழைய விறகடுப்புக்குத் தரச்சான்று இல்லையாம். வருடம் முடியுமுன் சான்றுள்ள புதிய அடுப்பை வைக்க வேண்டும், அல்லது இருப்பதை அகற்ற வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீட்டுக் காப்புறுதி புதுப்பிக்கப்படாது. சாப்பிடும்போது வாசித்துச் சொன்னேன்.

"மாத்துவம்" என்றார் அப்பா.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அப்ப பொங்கல்?"

நகரின் கிழக்கோரம், ரூஜில் இந்தப் பழைய வீட்டை வாங்குவதற்கு முன் நகர் நடுவில், சென் ஜேம்ஸ் ரவுணின் அடுக்குமாடி ஒன்றில், பதினேழாம் மாடியில் இருந்தோம். ஒரு தைப்பொங்கலுக்கு மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்து, புகை அலாரம் அடித்து, மாடியில் இருந்த அத்தனை சனமும் கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கியது. அதன் பிறகு அம்மா பொங்கும்போதெல்லாம் நான் அலாரத்துக்குக் கீழே துவாயை விசிறிக்கொண்டு நிற்பேன். பொங்கலை வழியவிடாமல் பொங்குவதும் ஒரு பொங்கலா என்று அம்மா முணுமுணுப்பா.

இந்த வீட்டில் குளிர்காயச் சுவருக்குள் கல்லால் கட்டிய பயர்பிளேஸ் இருந்தது. அம்மா அதை 'மாடம்' என்பா. உள்ளேதான் அந்தப் பழைய விறகடுப்பு, கட்டையான இரும்பு, மேற்பக்கம் தட்டையாக. வெளியே பனி கொட்டிக் கிடக்க, அதன் மேல் பானை ஏறும். வந்த முதல் வருடம் பால் வழிந்து இரும்பில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அம்மா அதைத் துடைக்க விட்டதேயில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அளவு நாடாவைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சப்வேயில் நிற்கும்போதும் அதை இழுப்பதும் விடுவதுமாக இருந்தேன். மாடத்தின் வாயை மூன்று தரம் அளந்தேன். பின்பக்கம் ஒடுங்குவதையும் விடவில்லை.

"உந்தச் சத்தத்தை நிப்பாட்டடா, பல்லு கூசுது" என்றார் அப்பா.

கடைசியில் மாடத்துக்குள் அப்படியே செருகும் அடுப்பொன்றைத் தெரிந்தெடுத்தேன். முன்னால் கண்ணாடி. ஒரு விரல்கூட வெளியே நீளாது. அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன்.

"வடிவாத்தான் இருக்கு. பானையை எங்கை வைக்கிறது?"

நான் படத்தைத் திரும்பப் பார்த்தேன். வைக்க இடமில்லை.

"இந்த வருசம் குசினியிலை, மின்னடுப்பிலை பொங்கலாம்தானே அம்மா..."

அம்மா எழும்பிப் போனா. அலுமாரியிலிருந்து பித்தளைப் பானையை எடுத்துப் புளி போட்டு மினுக்கத் தொடங்கினா. அப்போது நவம்பர் கூடப் பிறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பானையைக் காரின் முன் சீற்றில் வைத்து, பெல்ற்றும் போட்டு, ஒஷாவாவில் உள்ள அடுப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் பானையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பால் எவ்வளவு உயரத்துக்குப் பொங்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அங்கிருந்தே அம்மாவுக்கு அழைத்தேன்.

"பொங்கிறதுக்கு ஆராவது அளவு சொல்லுவினமோ? மேலை ஒண்டும் இடிக்காமல் பார்."

இப்போது வரும் அடுப்புகள் எங்கள் பழையதைவிட உயரம். மாடத்துக்குள் வைத்தால் பானையின் கழுத்தே மேற்கல்லில் இடிக்கும். அந்தப் பெண் வேறொன்றைக் காட்டினார். குட்டைக் கால்கள், புகைக்குழாய் முதுகுப் பக்கம். பாதி மாடத்துக்குள் இருக்கும், பாதி வெளியே நீளும். வெளிப்பாதியில் பானையை வைத்தால் மேலே ஒன்றும் இல்லை. ஆனால் முன்கால்கள் பலகையில் நிற்கக்கூடாது, கல்லில்தான் நிற்க வேண்டும் என்றார்.

மாடத்துக்கு முன்னால் கல் இருக்கிறது, அப்பாவின் பலகைக்குக் கீழே. அப்பா இந்த ஊரில் தரை போடுகிறவர். குடிபுகும்போது, சனம் பந்தியில் இருந்து சாப்பிட இடம் காணாது என்று, அந்தக் கல்லையும் மூடிச் சுவர் வரைக்கும் மேப்பிள் பலகை போட்டார். யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, "பொருத்துத் தெரியுதோ, பாருங்கோ" என்பார்.

செருகும் அடுப்பென்றால் அம்மாவின் பொங்கல் போகும். நீளும் அடுப்பென்றால் அப்பாவின் தரையை வெட்ட வேண்டும். ஒரு கிழமையாக நான் வாய் திறக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தரையைப் பார்ப்பேன். காப்புறுதிக்காரருக்கு ஆறு பத்தியில் விளக்கம் எழுதத் தெரிந்த எனக்கு அப்பாவிடம் ஒரு வரி சொல்ல வரவில்லை.

புகைபோக்கியைப் பார்க்க ஒரு முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, வந்தார். புத்தளத்துக்காரர், அடுப்புப் பொருத்துவதுதான் தொழில்; இரண்டு அடுப்பின் படங்களையும் அவருக்கு முன்பே அனுப்பியிருந்தேன். அப்பா பக்கத்தில் நிற்க, அவர் குதிக்காலால் பலகையில் தட்டினார்.

"கீழ கல் இருக்கா மகன்?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"இருக்கு" என்றார் அப்பா.

"அப்ப இத எடுக்கணும். இல்லாட்டி வெளிய நீளுற அந்த அடுப்பு சரிவராது."

அப்பா நானாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"உனக்கு முன்னமே தெரியுமோ?"

"ஓம்."

"எத்தினை நாளா?"

"ஒரு கிழமை."

"பலகைக்காக அம்மாவின்ரை பொங்கலை விடப் பாத்தனியோ? ஆரடா உனக்குப் படிப்பிச்சவன்?"

"நீங்கள்தான்" என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாடாவைத் தா. இவ்வளவு நாளும் கிலுக்கிக்கொண்டுதானே திரிஞ்சனி."

அந்த ஞாயிறு அவரே வெட்டினார். என்னைக் கிட்டவும் விடவில்லை. ஓரத்துக்குப் பித்தளைச் சட்டம் அடித்தார். கீழிருந்து வந்த கல் எங்கள் நினைவில் இருந்ததைவிடக் கறுப்பு. டிசம்பர் நடுவில் அடுப்பு வந்து ஏறியது. அதைப் பரிசோதிக்க வந்தவர் சான்றில் கையெழுத்து வைத்தார். நான் அதைப் படமெடுத்துக் காப்புறுதிக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததோ என்று நாலைந்து தரம் பார்த்தேன்.

தைப்பொங்கலன்று பானை ஏறியது. புதிய அடுப்பு சூடாக நேரமெடுத்தது. நான் குந்துவதும் எழும்புவதுமாக நின்றேன். "ஒரு இடத்திலை இரடா" என்றா அம்மா. சொல்லி முடிய நுரை எழும்பிக் கழுத்தைத் தாண்டியது. மேலே ஒன்றும் இடிக்கவில்லை. கிழக்குப் பக்கமாக வழிந்து, இரும்பில் சீறி, கறுப்புக் கல்லில் சொட்டியது. அம்மா துணியை எடுக்கவில்லை.

அப்பா மட்டும் குனிந்து, பித்தளைச் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"பலகைக்கு ஒரு சொட்டும் வரேல்லை" என்றார்.