பீப்பாவுக்குள் இறங்கிய பயம்

நல்லூரில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக வந்தது. நெஞ்சுக்குள் யாரோ லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை ஸ்டார்ட் பண்ணியதுபோல் இருந்தது. கை விறைத்தது. கடைக்காரரிடம் வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டுச் சாகத் தயாரானேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. வெட்கம் மட்டும் அடங்கவில்லை.

ஈ.சி.ஜி. (இதயத்துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) பிழையில்லை. "பெனிக் அட்டாக்" (காரணமின்றித் திடீரென வரும் கடும் பதற்றம்) என்றார் டொக்டர். "குளிசை தாறன். குணம் தெரிய ஆறு கிழமை செல்லும்."

ஆறு வாரம் பொறுக்கிறவனுக்கு இந்த நோய் ஏன் வருகிறது?

ஆடி அமாவாசைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. இறந்த அப்பாவுக்காகக் கீரிமலைக் கேணியில் முழுகவேண்டிய ஒரே மகன் நான். தண்ணீருக்குள் இது வந்தால்?

நோர்வேயிலிருந்து மச்சான் வீடியோ அனுப்பினான். அங்கே உறைந்த ஏரியில் ஓட்டை வெட்டி இறங்குகிறார்கள். பின்லாந்தில் நீராவியில் வெந்துவிட்டு இறங்குகிறார்கள். ஜப்பானில் குளிர் அருவிக்கடியில் நின்று கும்பிடுகிறார்கள். மனப்பதற்றம் பறந்துவிடுமாம். மார்கழி விடியலில் கிணற்றில் முழுகிய பரம்பரைக்கு இதென்ன பெரிய காரியம் என்று ரோசம் வந்தது. இரண்டாம் கிழமையே குளிசை விழுங்குவதை நிறுத்தினேன். குருநகரில் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கிவந்து தண்ணீர் விட்ட நீலப் பீப்பாவில் கொட்டினேன்.

மனைவி வந்து பீப்பாவை முகர்ந்து பார்த்தாள். "இஞ்சேருங்கோ, கொழும்புக்கு மீன் ஏத்திற லொறி எத்தினை மணிக்கு வருது?"

இறங்கினேன். உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. முழங்கால் மடங்கிச் செருகிக்கொண்டது. மனைவியும் பக்கத்து வீட்டு அண்ணையும் பீப்பாவைச் சரித்து என்னை முற்றத்தில் கொட்டினார்கள்.

"குளிர் பட்டால் ஆருக்கும் மூச்சு இழுக்கும், நெஞ்சு இடிக்கும்," என்றார் டொக்டர். "அங்கை பழகினவை, பக்கத்திலை ஆள் வைச்சுக்கொண்டு இறங்கினம். நீங்கள் பயத்தைப் பழுதாகாமல் ஐஸிலை வைச்சிருக்கிறியள்."

குளிசை மறுபடி முதல் நாளிலிருந்து. யாரைத் திட்டுவது? பீப்பா என்னுடையது.

ஐந்தாம் கிழமையில் அமாவாசை வந்துவிட்டது. கேணியின் மூன்றாம் படியில் நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. ஓடவேண்டும்போல் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, முழுகிறியளோ, போட்டோவுக்கு நிக்கிறியளோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்கள் போங்கோ தம்பி. நெஞ்சு இன்னும் வந்து சேரேல்லை."

எத்தனை பேர் என்னைத் தாண்டி முழுகிப் போனார்களோ தெரியாது. அது அடங்கவில்லை, கூடவும் இல்லை. இனி இந்த உடம்போடு எங்கே போவதென்றாலும் பத்து நிமிடம் பிந்தித்தான் போய்ச்சேர்வேன் என்று விளங்கியது. எரிச்சலாகத்தான் இருந்தது. இடிக்க இடிக்கவே மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவுக்காகத் தலையைத் தாழ்த்தினேன்.