அந்தரத்தில் விட்ட பிப்பெட்

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. வீடு அதியமான்கோட்டையில். காலையில் இரண்டு பஸ், மாலையில் இரண்டு பஸ். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் பாலக்கோட்டில் இறங்கிப் போயிருக்கும். மீதியை வைத்துக்கொண்டு மாலை வரை ஓட்ட வேண்டும்.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆறு கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. யாரோ ஒரு நன்கொடையாளர் கொடுத்தது. கண்ணில் மாட்டிக்கொண்டால் நம் வகுப்பறை மறைந்து, உள்ளே வேறோர் ஆய்வகம் தெரியும். தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பும். இரண்டு கைக்கும் இரண்டு பிடிகள். பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே தெரியும் கை ஒரு பொருளை எடுக்கும். பொத்தானை விட்டால் அந்தப் பொருள் விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். உடைவது, சிந்துவது என்ற பேச்சே அங்கே கிடையாது. பயிற்சிக்குப் போனபோது இதையெல்லாம் மெய்நிகர் உலகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரே நாளில் அதற்கு 'டப்பா' என்று பேர் வைத்துவிட்டார்கள். நானும் இப்போது அப்படித்தான் சொல்கிறேன்.

டப்பாவுக்குள் இருந்த ஆய்வகத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. வெள்ளை டைல்ஸ் தரை, வரிசையாகக் கண்ணாடிச் சாமான்கள், ஓரத்தில் ஒரு தொட்டி. குழாயைத் தொட்டால் தண்ணீர் கொட்டும். மோட்டார் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்த எங்கள் பள்ளியில் தண்ணீர் வந்த ஒரே குழாய் அதுதான். முதல் நாள் ஒரு பெண் அந்தக் குழாயில் ஐந்து நிமிடம் கை கழுவிக்கொண்டே நின்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நிஜ ஆய்வகம் மாடியில் பூட்டிக் கிடந்தது. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. உதவியாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. தண்ணீரைக் கீழே அடிபம்பில் பிடித்து வாளியில் தூக்க வேண்டும். திருகு வைத்த அளவுக் குழாய்களான பியூரெட்டுகளில் பாதி ஒழுகும். எனக்கு முழங்கால் வலி வேறு. யார் கேட்டாலும் வரிசையாக இந்தக் காரணங்களை எடுத்து வைப்பேன். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை, எனக்கு அலுத்துப்போயிருந்தது. டப்பா வந்ததும் அந்த அலுப்புக்கு ஒரு நவீனமான பேர் கிடைத்துவிட்டது. தலைமையாசிரியரிடம், இனிமேல் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷனை இதிலேயே காட்டிவிடலாம், ஆசிட் பயமும் இல்லை என்றேன். அவருக்கும் சந்தோஷம்.

டப்பா மாட்டிய பிள்ளைகளைப் படம் பிடித்து வாரா வாரம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு டப்பா என்பது போட்டோவுக்கு இரண்டு நிமிடம் மாட்டிக் கழற்றுவதுதான். வாயைப் பிளந்தபடி அண்ணாந்து நிற்பார்கள். நான் படம் எடுப்பேன். அடுத்த ஆள் வருவான். நெட் கிடைக்காத நாட்களில் அந்தப் படங்களை பஸ்ஸில் உட்கார்ந்து அனுப்பினேன்.

ஒருத்தி மட்டும் அப்படியில்லை. வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண். வீட்டில் சாமையும் ராகியும் பயிர் பண்ணுகிறார்கள். அவளுடைய அம்மாவுக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு மலையிறங்கி தர்மபுரி வரை வந்து, ரிசல்டுக்கு இன்னொரு நாள் வந்து, இரண்டு நாள் வேலை கெட்டது. அன்று பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குழாய்களை வரிசையாக வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இவள் பார்த்திருக்கிறாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாளாம், லேப் டெக்னீசியன் ஆவதென்று. பதினொன்றில் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் வந்து அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். டாக்டர், கலெக்டர் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நடுவில் இப்படித் தெளிவாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அவள் மாலையில் டப்பாவைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வாள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை நான் ரெக்கார்டு நோட்டு திருத்துவேன். அவள் வெறும் காற்றில் எதையோ எடுப்பாள், ஊற்றுவாள், தலையைச் சாய்த்து அளவு பார்ப்பாள், எடுத்ததை மெதுவாகக் கண்ணுக்கு நேராக நிறுத்துவாள். அந்தக் கைகளில் ஒரு நடுக்கம் இருக்காது. முடிவு நிலையில் வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் உள்ளே ஒரு மணி அடிக்கும் போலிருக்கிறது, அவளுக்குச் சிரிப்பு வரும். இரண்டு வருடத்தில் எத்தனை தடவை செய்திருப்பாளோ. மாடிச் சாவியை அவளுக்காகக்கூட ஒரு நாளும் நான் எடுக்கவில்லை.

பதினொன்றில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தே மார்க் போட்டுவிட்டேன். பன்னிரண்டில் செய்முறைத் தேர்வு வந்தது. இரண்டு நாள் முன்னால் ஆய்வகத்தைத் திறந்து ஒட்டடை அடித்து, டிரம்மில் தண்ணீர் நிரப்பினோம். எங்கள் பள்ளியில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாளே நான் டைட்ரேஷன் செய்து விடையை வைத்துக்கொள்வேன். தேர்வின்போது மேசைகளுக்கு நடுவே நடந்தபடி அந்த எண்ணை மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பள்ளியிலும் அதேதான்.

அவள் மேசைக்கு வந்து எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் தலை நிமிராமலே, "நானே பண்ணிக்கறேங்க மிஸ்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நின்று பார்த்தேன்.

கரைசலை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை எடுத்ததும் கட்டைவிரல் அதில் ஒரு பொத்தானைத் தேடியது. பக்கத்து மேசையில் வாய் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கரைசல் கோட்டுக்கு மேலே ஏறியது. ஆள்காட்டி விரலால் அடைத்து, சொட்டுச் சொட்டாக இறக்கிக் கோட்டில் நிறுத்தினாள். அவ்வளவு சுத்தம். குடுவைக்குள் வடித்து முடித்தாள். அடுத்து பியூரெட்டைத் திறக்க வலது கை வேண்டும். பிப்பெட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்தினாள். அலமாரியில் வைப்பதுபோல அவ்வளவு நிதானமாக வைத்துவிட்டு, விரல்களைப் பிரித்தாள்.

சத்தம் கேட்டு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தரையைப் பார்க்கவில்லை. பிப்பெட்டை விட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், மொத்த அறையும் சிரித்தது. அவள் அப்போதுதான் குனிந்து தரையைப் பார்த்தாள்.

டப்பாவை இரண்டு நிமிடம் மாட்டிய பிள்ளைகள் யாருக்கும் இது நடக்கவில்லை. ஆசையோடு பழகியவளுக்குத்தான் நடந்தது.

தேர்வாளர் நல்ல மனிதர். உடைந்தால் போகிறது, மார்க் நான் போட்டுவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னார். நான் அந்த எண்ணைச் சொன்னேன். அவள் எழுதினாள். முழு மதிப்பெண் விழுந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. தேர்வு முடிந்து வெளியே வந்தபோது ஆய்வகக் கதவோரம் நின்றிருந்தாள்.

"வுட்டா அங்கயே நிக்கும்னு நெனச்சேங்க மிஸ்."

தேர்வாளருக்குச் சாப்பாடு வாங்கிவர ஆள் அனுப்பியிருந்தேன், இன்னும் வரவில்லை. விடைத்தாள் கட்டும் வேலை வேறு. முழு மார்க் போட்டாச்சு, போய் பிசிக்ஸ் படி என்று அவளை அனுப்பிவிட்டேன்.

ரிசல்ட் வந்த பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். நல்ல மதிப்பெண். லேப் டெக்னீசியன் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாச்சா என்று கேட்டேன். இல்லை, தர்மபுரியில் ஒரு கல்லூரியில் பி.ஏ. எகனாமிக்ஸ் கிடைத்துவிட்டது, ஃபீஸும் கட்டியாகிவிட்டது என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மார்க்கை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் சான்றிதழை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கு ஒடஞ்சா போவுதுன்னு சார் சொன்னாருங்க. அதுல யாராச்சும் ஒருத்தரோட ரத்தம் இருந்திருந்தா என்னங்க மிஸ் பண்றது?"

அவளை உட்காரச் சொன்னேன். உன் கையில் ஒரு குறையும் இல்லை, அந்தக் கைக்கு நான் பழக்கிக் கொடுத்ததுதான் தப்பு, ஒரு நாளாவது நிஜமான பிப்பெட்டை உன்னிடம் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொன்னேன். ஒரு மாணவியிடம் இப்படிச் சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் பொறுமையாகக் கேட்டாள். என்னைத் தேற்றுவதுபோல லேசாகச் சிரித்தாள்.

"நீங்க சொல்றீங்க மிஸ். ஆனா வுட்டது என் கைதானுங்களே."

மலைக்குப் போகும் பஸ் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினாள்.

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பியிருக்கக்கூடிய நேரம் ஒன்று இருந்தது. ஆய்வகக் கதவோரம் அவள் நின்றிருந்தாளே, அப்போது. இதே வார்த்தைகளை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அன்றைக்கு எனக்குக் களைப்பாக இருந்தது.