மலைத் திராட்சைக்கு என்ன குளிர்

தொண்ணூறுகளில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் இருந்தோம். எதிர் வீட்டு இத்தாலியக் கிழவர் இலையுதிர் காலம் வந்தால் பெட்டி பெட்டியாகத் திராட்சை வாங்கி வைன் போடுவார். மலைத் தோட்டத்துப் பழம்தான் வேண்டும், இரவுக் குளிர் பட்டால்தான் தோல் தடிக்கும் என்று லிஃப்டில் பிடித்துவைத்துச் சொல்வார். எத்தனை தரம்தான் கேட்பது.

அந்த வருடம் பழத்தை நசித்துப் பீப்பாவில் போட்ட கையோடு அவரை ஒப்பரேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பீப்பா எங்கள் குசினிக்கு வந்தது. மிதந்து வரும் தோலைக் காலையும் மாலையும் கட்டையால் அமுக்கிவிடச் சொன்னார். இனிப் பாரம் தூக்க முடியாது, இதுதான் தன் கடைசி வைன் என்றார். அதற்குமேல் எப்படி மறுப்பது?

இரண்டு நாளில் வீடெல்லாம் புளித்த கள்ளு மணம். மூன்றாம் நாள் மனைவி வந்து நின்றாள்.

"நாளைக்குக் கந்தசட்டி துவங்குது. உது உள்ளுக்க கிடக்க நான் விரதம் பிடிக்கமாட்டன்."

ஆறு நாள் விரதம். அவளும் விடமாட்டாள், பீப்பாவும் பொங்குவதை நிறுத்தாது. எரிச்சலில் கத்தினேன். பிறகு எனக்கே ஒரு யோசனை வந்தது. பல்கனி. குளிரில் பழுதாகாதா என்று அவள் கேட்கத்தான் செய்தாள். மலைத் திராட்சைக்கு என்ன குளிர் என்று பெரிய விவசாயி மாதிரி அடித்துச் சொன்னேன். இழுத்துக்கொண்டுபோய் வைத்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

விரதத்தின் ஆறாம் நாள் கிழவர் வயிற்றைப் பிடித்தபடி வந்தார். பல்கனிக்குப் போய் மூடியைத் திறந்து காது வைத்துக் கேட்டார். நுரையுமில்லை, சத்தமுமில்லை. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். வெறும் இனிப்பு. குளிர் வேண்டியது கொடிக்கு, பீப்பாவுக்கு இல்லை என்றார். முகம் விழுந்துவிட்டது. யார் வெளியே வைத்தது என்று கேட்டார்.

என் விரல் மனைவியைக் காட்டியது. அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன் நடந்துகொண்டதில்லை.

ஆறு நாள் பட்டினியோடு நின்றவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "சொரி, அங்கிள்" என்றாள்.

கிழவர் தலையை ஆட்டினார். இன்னும் செத்துப்போகவில்லை, உடனே சூடு காட்டினால் திரும்பப் பொங்கலாம் என்றார். அவள் எங்கள் கட்டிலில் கிடந்த கம்பளியை உருவி வந்து பீப்பாவைச் சுற்றினாள்.

"உள்ளுக்க கொண்டு வாங்கோ" என்றாள், என் முகத்தைப் பாராமல்.

விரதம் முடிய இன்னும் ஒரு இரவு இருந்தது.