முந்நூறு நாற்காலிக்குக் கீழே ஒரு மைதானம்

ஃபர்சானா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாண வீட்டில், சோற்றின் மேல் தால்ச்சா ஊற்றிக்கொண்டிருக்கும்போது. காதில் போட்டவள் என் நாத்தனார் சம்சாத் பேகம். என் வீட்டுக்காரரோடு பிறந்த தங்கைகள் நான்கு பேர். மூத்தவள் செய்யூரில், அடுத்தவள் மதுராந்தகத்தில், கடைசி கல்பாக்கத்தில். மூன்றாவதான சம்சாத்தைத்தான் எங்கள் கடப்பாக்கத்திலேயே கொடுத்தோம். அவள் மகன் மைதீன் சாமியானா, நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன்.

"மதனி, மைதீனுக்கு ஒரு எடம் வந்துகீது. ஊரப்பாக்கம். பொண்ணு பேரு ஃபர்சானா, டீச்சராம்" என்றாள்.

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? கணக்கு டீச்சர்னா சரி, இங்கிலீஷ் டீச்சர்னா சரி. இது பி.டி. டீச்சராம், விசிலு ஊதுமாம். நாளைக்கு வூட்டுக்கு வந்து என்னியும் லைன்ல நிக்கச் சொல்லும்."

"நில்லேன்டி. உன் முட்டி வலியாவது போவும்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அதற்கு மேல் தாயின் பேச்சு எடுபடுமா?

ஃபர்சானாவின் அத்தா ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். மூன்றும் பெண்கள், இவள் நடுவில். விடிந்ததும் அவர் ஒரு சைக்கிளில் முன்னால் போக, இவள் பின்னால் ஓடுவாளாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால், அவர் திரும்பி ஒரு முறை முறைப்பாராம். அப்படி ஓடி, படித்து, பட்டம் வாங்கி, எங்கள் மைதீனைக் கட்டிக்கொண்டு கடப்பாக்கம் வந்தாள். வந்த ஆறாவது மாதம், ரோட்டோரப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்து மைதானம் பெரியது. ஒரு பக்கம் கட்டடம், பின்னால் சமையல்கூடம், எதிரில் ரோடு. ரோட்டைத் தாண்டினால் பஸ் ஸ்டாப்பும் டீக்கடையும். நடுவில் மறைப்பு என்று ஒரு தட்டிகூடக் கிடையாது. விளையாட்டு பீரியட் வந்தால் பையன்கள் பாய்ந்து ஓடுவார்கள். ஏழாவது வரைக்கும் பெண்களும் ஓடுவார்கள். எட்டாவது வந்துவிட்டால் போதும், மீன்காரர் வீட்டுப் பெண்ணானாலும் எங்கள் தெருப் பெண்ணானாலும் வராந்தாவில் உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்துவிடும். ஒன்பதாவதில் அறுபத்தொரு பெண்கள். மைதானத்தில் இறங்கியது ஒன்பது பேர்.

தலைமையாசிரியர் ஜானகிராமன் கெட்ட மனிதர் இல்லை. அணுபுரத்தில் குடியிருந்தார், அவர் மனைவிக்கு அங்கே வேலை. தினமும் அவ்வளவு தூரம் வந்து போகிறவர். அவருக்குப் பத்தாவது ரிசல்ட்தான் ராக்கனவு, பகல் கனவு எல்லாம். ஒருநாள் இவளைக் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"பொண்ணுங்க சும்மா உக்காந்துகினுதானம்மா இருக்காங்க? அந்த பீரியட கணக்குக்குக் குடுத்துட்டா நாலு பேராவது பாஸாவாங்க."

"மறைப்பு இல்லாம எப்டி சார் இறங்குவாங்க?"

"மறைப்பு கட்ட பள்ளிக்கூடத்துல வழியில்லை. நீங்களே எங்கயாவது நிதி வாங்கிட்டு வாங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ஏற்பாடு இருந்தா பீரியட் உங்களுக்கு. இல்லேன்னா கணக்குக்கு. அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

அப்போது நவம்பர். அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். எங்கள் மாடியில் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், அவள் வீட்டில் பந்தல் கழியைத் தாண்டி உட்காரவே இடமிருக்காது. நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பெரிய மாமி, கணக்குக்குப் போன பீரியடு எந்த ஊர்லயும் திரும்பி வந்ததில்ல" என்றாள். கண் கலங்கவில்லை. அப்போதே போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தினமும் மாடியில் போனும் கையுமாக இருந்தாள். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். முதலில் ஒரு கம்பெனிக்கு எழுதினாள். கிரிக்கெட் மட்டை, கால்பந்து, வாலிபால் வலை, மறைப்புச் சுவர் என்று பட்டியல் போட்டாள். இரண்டே வரியில் பதில் வந்தது. எல்லாப் பள்ளிகளும் இதே பட்டியலைத்தான் அனுப்புகின்றன, உங்களுடைய புது யோசனை என்ன என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவது கம்பெனியிலிருந்து பதிலே இல்லை.

மூன்றாவது, சென்னையில் ஓர் அறக்கட்டளை. அவர்கள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "உங்கள் பள்ளியில் விளையாடாமல் இருப்பவர்கள் யார்? ஏன்?"

"இதுக்கு நீ இன்னாத்த எழுதப் போற? அதுங்களத்தான் கேக்கணும்" என்றேன்.

சட்டென்று எழுந்துவிட்டாள். "ஆமா மாமி! இத்தினி நாளா நான் அதுங்கள ஒரு வார்த்தை கேக்கல பாரு!"

மறுநாள் பெண்களிடம் துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னாள். மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு வந்து என் மாடியில் கொட்டினாள். ஒவ்வொன்றாய் வாசிக்க வாசிக்க அவளுக்கு நிலைகொள்ளவில்லை. "டீக்கடையில இருந்து கமெண்ட் அடிக்கிறாங்க." "ஓடுனா துப்பட்டா நழுவுது, ரெண்டு கையும் அதைப் பிடிக்கவே சரியா இருக்கு." "எப்பவும் நான்தான் லாஸ்ட், எல்லாரும் சிரிப்பாங்க." ஒரு சீட்டில், "எனக்கு ஆசைதான். யாரும் வான்னு கூப்பிடல." அது எங்கள் தெரு ஹனியாவின் கையெழுத்து என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் அறக்கட்டளைக்கு எழுதி அனுப்பிய திட்டமே வேறு. யாருமே கடைசியாக வராத விளையாட்டு. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும், நேற்று எடுத்த நேரத்தை இன்று குறைக்க வேண்டும். எதிராளி நேற்றைய நேரம்தான். மீன் ஏலம் போடுகிற இடத்தில் கிழிந்த வலை இரண்டு வாங்கி வந்து ஆறு துண்டாக வெட்டிக்கொண்டாள். பத்துப் பெண்கள் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, நடுவில் பந்து. பந்து விழாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட வேண்டும். ஒருத்தி மெதுவாக வந்தால் வலையே அவளுக்காக மெதுவாகும். சமையல்கூடத்துக்குப் பின்னால் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு சந்து, மறைவான இடம் அது ஒன்றுதான். அங்கே பழக்கினாள். முதல் வாரம் பதினான்கு பேர், பொங்கல் தாண்டியதும் நாற்பது பேர்! நான் ஒருநாள் எட்டிப் பார்த்தேன். கத்தல் தாங்கவில்லை.

மார்ச்சில் அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. தேவசகாயம் என்கிற அதிகாரி வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறார், நாற்பது நிமிடம் இருப்பார், விளையாட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு. ஃபர்சானா தலைமையாசிரியரிடம் சொன்னாள். அவர் பெற்றோர் சங்கத் தலைவர் ராஜாராமிடம் சொன்னார். ராஜாராம் சொன்னபிறகு ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

புதன்கிழமை முழுக்க அவளுக்குச் செங்கல்பட்டில் மீட்டிங். ஆச்சரியப்படுத்தலாம் என்று மைதீனும் வாயைத் திறக்கவில்லை. வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் சம்சாத்தும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தோம்.

மைதானத்தைக் காணவில்லை. மூலைக்கு மூலை பந்தல். ரோட்டுப் பக்கம் முழுக்க சிவப்பும் மஞ்சளுமாகத் துணித்தடுப்பு. முன்னால் மேடை, மைக். அதற்குக் கீழே ஒரு அடி விடாமல் முந்நூறு நாற்காலி. பின்னால் பிரியாணி தேக்சா அடுப்பில் ஏறிவிட்டது. நடுவில் மைதீன், மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

"யா அல்லாஹ்! மச்சான், இன்னா பண்ணி வெச்சிகீற?"

"எப்டி கீது? நம்ம கல்யாணத்துக்கே இந்த சைஸ் போடல. ஒரு பைசா டப்பு வாங்கல, தெரியுமா?"

"கிரவுண்டு எங்க?"

"கீழ."

"அவுரு வெளையாட்ட பாக்க வராரு மச்சான்!"

"பாக்கட்டும், யாரு வேணான்னது? மொதல்ல வர மனுசன உக்கார வெக்கணும்ல? வெயில்ல நிக்க வெச்சி அனுப்பற பழக்கம் நம்ம ஊர்ல கீதா?"

அவன்மேல் தப்புச் சொல்ல முடியுமா? ஊருக்கு ஒரு பெரியமனிதர் வந்தால் பந்தல், சால்வை, சாப்பாடு. எங்களுக்குத் தெரிந்தது அதுதான். அவிழ்க்கவும் நேரமில்லை, அதற்குள் ஊர்ச்சனம் வந்து நாற்காலிகளில் உட்கார ஆரம்பித்திருந்தது. ஃபர்சானா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தேவசகாயம் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். மேடையில் ஏற்றினார்கள். சால்வை, மாலை, எலுமிச்சம்பழம். ராஜாராம் மைக்கைப் பிடித்தார். ஆலம்பரைக் கோட்டை காலத்திலிருந்து ஆரம்பித்தார். பதினைந்து நிமிடம் ஆகியும் கோட்டையை விட்டு அவர் இறங்கவில்லை. தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் கைகட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்று இருபத்தைந்து. தேவசகாயம் குனிந்து தலைமையாசிரியரிடம் கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது: "சார், பசங்க எங்க விளையாடுவாங்க?"

ஜானகிராமன் முகம் வெளிறிவிட்டது. சம்சாத் என் கையைப் பிடித்தாள். "போச்சி மதனி. என் புள்ளையே அவ வேலையில மண்ண போட்டுட்டான்."

அப்போதுதான் விசில் கேட்டது. பந்தலே அதிர்ந்தது.

"நைன்த்! நாலு மூலைக்கு நாலு டீம்! எல்லா நாற்காலியும் கட்டட ஓரம், பத்துப் பத்தா அடுக்கணும், விழக்கூடாது. நாலு டீமுக்கும் சேர்த்து ஒரே டைம். அஞ்சு நிமிசம். ஸ்டார்ட்!"

முதலில் ஹனியா எழுந்தாள், தன் நாற்காலியைத் தூக்கினாள், ஓடினாள். அவ்வளவுதான், அறுபத்தொரு பேரும் எழுந்துவிட்டார்கள்!

"ஏம்மா, நான் இன்னும் முடிக்கல" என்றார் ராஜாராம் மைக்கில்.

"நீங்க பேசுங்க அண்ணாத்த, நாங்க தூக்கினு போறோம்!" என்றாள் மீனவர் குப்பத்துக் கீர்த்தனா, அவர் சால்வை கிடந்த நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

தனக்குப் பாட்டி முறையான சம்சாத் முன்னால் ஹனியா மூச்சுவாங்க வந்து நின்றாள். "நன்னி, எழுந்துருங்க, டைம் ஓடுது!"

"அடிப்பாவி, முட்டி வலிக்காரிய எழுப்பறியே!" என்றவள் எழுந்தாள். எழுந்தவள் சும்மா நிற்கவில்லை. "உடுடி, என் புள்ள கடை நாற்காலி, எனக்குத் தூக்கத் தெரியாதா?" என்று தானே தூக்கிக்கொண்டு, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் பார்த்த கல்யாணங்களில்கூட இப்படி ஒரு கூச்சல் கேட்டதில்லை. நானும் இரண்டு தூக்கினேன்.

"ஃபோர் லெவன்!" என்று கத்தினாள் ஃபர்சானா. நான்கு நிமிடம் பதினோரு செகண்டு. பெண்கள் குதித்தார்கள். "மிஸ், இன்னொரு வாட்டி!" மறுபடி பரப்பி, மறுபடி அடுக்கினார்கள். மூன்று நிமிடம் ஐம்பது! அதன் பிறகு வலை வந்தது, பந்து வந்தது. ஆறு வலைக்கும் இடமிருந்தது அந்த வெற்று மைதானத்தில். பந்தல் கால்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒருத்தியும் துப்பட்டாவைப் பிடிக்கவில்லை. ரோடு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால்தான் என்ன, மைதீன் கட்டிய துணிக்கு அந்தப் பக்கம்தானே டீக்கடை?

இதை முதலில் கவனித்தவர் தேவசகாயம்தான். மேடையிலிருந்து இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "மேடம், இந்த மறைப்பு எத்தனை நாள் இருக்கும்?"

மைதீன் குறுக்கே வந்தான். "சாய்ந்தரம் அவுக்கணும் சார். நாளைக்கு சதுரங்கப்பட்டினத்துல கல்யாணம்."

"அவ்வளவுதான் சார் எங்க பிரச்சனை" என்றாள் ஃபர்சானா. "இன்னிக்கு இந்தத் துணி இருக்கு, அறுபத்தொரு பேரும் ஓடுறாங்க. நாளைக்கு அவுத்துட்டா வராந்தாவுக்குப் போயிடுவாங்க."

"உங்க திட்டத்துல நாற்காலி விளையாட்டு இல்லையே?"

"கையில கிடைக்கிறத வெச்சு வெளையாடுறதுதான் சார் திட்டம். இன்னிக்கு இதுதான் கிடைச்சுது."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாற்பது நிமிடம் என்று வந்தவர் பிரியாணி சாப்பிட்டு இரண்டு மணிக்குத்தான் காரில் ஏறினார். ஆனால் கொடுப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஏப்ரல் முழுக்க ஃபர்சானா சரியாகச் சாப்பிடவில்லை. மைதீன் அவள் முன்னால் வரவே பயந்து, கடையிலேயே கிடந்தான்.

மே ஒன்பதாம் தேதி கடிதம் வந்தது. படியேறி வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள், ஆய்ந்த மீனோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். ரோட்டுப் பக்கம் நூற்றுப்பத்தடிக்கு இரும்புக் கால் நட்டு உயரமான மறைப்பு, புது வலைகள், தரைவிரிப்பு, எல்லாவற்றுக்கும் சம்மதம். பெண்களுக்கு விளையாட்டுச் சீருடை கேட்டிருந்தாள், அது மட்டும் இல்லை. பரவாயில்லை, தைத்துக்கொள்ளலாம் என்றாள். ஜூனில் பள்ளி திறக்கிறதற்கு நான்கு நாள் முன்பு மறைப்பு ஏறியது. ஜானகிராமன் தானே வந்து அட்டவணையில் எழுதினார்: ஒன்பதாம் வகுப்பு, பெண்கள், விளையாட்டு.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபர்சானா இன்றும் அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு ஒன்பதாவது பெண்களோடு மைதானத்தில் இருப்பாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை செங்கல்பட்டுக்குப் போய் மற்றப் பள்ளிகளின் பி.டி. ஆசிரியர்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறாள்.